மலையிலிருந்து ஒரு மடல்

நுழையும்முன்

விளையாட்டில் வெல்வதற்கு உடல்வலிமையும் இடைவிடாப் பயிற்சியும் வேண்டும். பெற்ற திறனை உரியவரிடம் உரிய காலத்தில் எடுத்துரைப்பதற்கு மொழி வேண்டும். பள்ளி அணியில் ஆடியவர் கல்லூரி அணியில் தொடர்வதற்கும், விளையாட்டின் வழியே உயர்கல்வி பெறுவதற்கும் ஒருபக்கக் கடிதம் வாயிலாக அமையக்கூடும். கொல்லிமலையைக் களமாகக் கொண்டு அக்கடிதத்தின் தேவையையும் இயல்பையும் இப்பாடம் விளக்குகிறது.

ஓரியின் அம்பும் கண்ட கண்களும்

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக உயர்ந்து நிற்பது கொல்லிமலை. அடிவாரமாகிய காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சங்க காலத்தில் இம்மலையை ஆண்டவன், கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி. செம்மேட்டில் அவனுக்குச் சிலை உண்டு. ஆடித் திங்களில் அவன் பெயரால் எடுக்கப்படும் அரசு விழாவில் வில்வித்தைப் போட்டியும் நடைபெறுகிறது.

ஓரியின் வில்லாற்றலை வன்பரணர் பாடியிருக்கிறார். புறநானூற்றின் 152ஆம் பாடல் அது. ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானையும் பன்றியையும் துளைத்து, இறுதியில் புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்தது என்பது அப்பாடல் தரும் செய்தி. எய்தவன் தன் பெயரைக் கூறவில்லை. அவன் வேட்டுவன்தானோ, ஓரியேதானோ என்று கண்டவர்கள் ஐயுற்றனர். அவன் திறமே அவனை அறிமுகம் செய்தது.

இப்பாடலில் நாம் எளிதில் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. அம்பு பாய்ந்தபோது அதைக் காண்பதற்குப் பாணர் சுற்றம் காட்டுக்குள் வந்திருந்தது. கண்டவர் இருந்ததனால்தான் திறம் பாடலாயிற்று. காண்பாரில்லாத காட்டில் அதே அம்பு பாய்ந்திருந்தால், ஓரியின் ஆற்றல் ஒரு சிறிதும் குறைந்திராது; ஆயினும் அதனை நாம் அறிந்திருக்க மாட்டோம். திறமைக்குப் பயிற்சி வேண்டியதுபோலவே சான்றும் வேண்டும். சான்று தானே தேடி வராத இடத்தில், அதனைத் தேடிச் செல்வது திறமையுடையவரின் கடமையாகிறது.

இடையில் அறுந்துபோகும் பாதை

தமிழ்நாட்டுப் பள்ளி மாணவரின் விளையாட்டுப் பயணம் படிப்படியாக அமைந்தது. குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என அப்படிகள் உயர்கின்றன. 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் எனப் பிரிவுகள் வகுக்கப்பட்டுள்ளன. மாநில அணிக்குத் தேர்வு பெறுவோர் தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் பங்கேற்கின்றனர். இவற்றோடு முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளும் உள்ளன. இப்படிகளில் ஏறும்வரை மாணவரை அழைத்துச் செல்ல ஒருவர் இருக்கிறார். அவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். பெயர்ப் பதிவு, பேருந்துச் செலவு, உணவு, மருத்துவச் சான்று என அனைத்தையும் அவரே பார்த்துக்கொள்கிறார்.

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்த நாளன்று இவ்வேற்பாடு நின்றுவிடுகிறது. பள்ளி அணியில் இனி இடமில்லை. கல்லூரி அணியில் இன்னும் இடமில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சில மாதங்களில்தான் நம் மாநிலம் தன் விளையாட்டு வீரர் பலரை இழக்கிறது.

மலைச் சிற்றூரைச் சேர்ந்த மாணவி ஒருவரை எண்ணிப் பாருங்கள். மாநிலப் போட்டியில் 3000 மீட்டர் ஓடியவர் அவர். தேர்வு முடிந்ததும் ஊர் திரும்புகிறார். மிளகுக் கொடிக்கும் காப்பித் தோட்டத்துக்கும் வேலைக்கு ஆள் வேண்டியிருக்கிறது. ஓடும் காலணி சுவரில் தொங்குகிறது. ஓராண்டு கழிகிறது. மலைக்குக் கீழே, சேலத்திலோ நாமக்கல்லிலோ, ஒரு கல்லூரியின் மகளிர் அணிக்கு நெடுந்தொலைவு ஓடும் வீராங்கனை ஒருவர் தேவைப்பட்டிருக்கலாம். கல்லூரிக்கு மாணவியைத் தெரியாது; மாணவிக்குக் கல்லூரியின் தேவை தெரியாது. இருவர்மீதும் குற்றமில்லை. இடையில் செல்ல வேண்டிய ஒரு மடல் எழுதப்படவில்லை, அவ்வளவே.

கண்டறிந்தவர் இருந்ததனால் உயர்ந்தவர்

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பேருந்து ஏறியதால் வலக்கால் சிதைந்தது. பள்ளியில் அவருடைய உடற்கல்வி ஆசிரியர் அவரிடம் உயரம் தாண்டும் ஆற்றலைக் கண்டார். 2013இல் நடைபெற்ற தேசிய அளவிலான மாற்றுத்திறனாளர் தடகளப் போட்டியில் பயிற்றுநர் சத்யநாராயணா அவரைக் கண்டு, பின்னர்ப் பெங்களூருவில் பயிற்சி அளித்தார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார் மாரியப்பன். அடுத்து டோக்கியோவில் வெள்ளியும், 2024 பாரிசில் வெண்கலமும் பெற்றார். அவருடைய உழைப்பே அவரை உயர்த்தியது. ஆயினும் அவ்வுழைப்பை முதலில் ஓர் ஆசிரியரும் பின்னர் ஒரு பயிற்றுநரும் கண்ணால் கண்டனர் என்பதை மறக்கலாகாது.

விளையாட்டும் உயர்கல்வியும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு நாமக்கல்லிலேயே சான்று உண்டு. காஞ்சிபுரத்தைச் சேர்ந்த துளசிமதி முருகேசன் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயின்றவாறே இறகுப்பந்து விளையாடி, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

கல்லூரியின் வாயில்கள்

கடிதம் எழுதுமுன், அக்கடிதத்தால் எது முடியும், எது முடியாது என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். விளையாட்டு வீரர் கல்லூரியில் சேரும் வழிகள் இருவகைப்படும்.

முதல்வகை, அரசின் ஒற்றைச் சாளரச் சேர்க்கை. பொறியியல் முதலிய படிப்புகளில் விளையாட்டு வீரர்க்கெனத் தனி ஒதுக்கீடு உண்டு. அங்குச் சான்றிதழ்களின் தகுதியை அதற்கெனப் பணிக்கப்பட்டோர் சரிபார்க்கின்றனர். அதன் அடிப்படையில் தரவரிசை அமைகிறது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளிலும் விளையாட்டு வீரர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினர்க்குப் பொதுக் கலந்தாய்வுக்கு முன்னரே கலந்தாய்வு நடைபெறுகிறது. இவ்வகையில் உரிய நாளுக்குள் விண்ணப்பிப்பதும், மூலச் சான்றிதழைக் காட்டுவதுமே முதன்மையானவை. எந்தக் கடிதமும் இவற்றுக்கு ஈடாகாது.

இரண்டாம் வகை, கல்லூரி தானே நடத்தும் தேர்வு முகாம். அரசு உதவிபெறும் கல்லூரிகள், தன்னாட்சிக் கல்லூரிகள், தனியார் கல்லூரிகள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றுள் பல, தங்கள் அணிக்கு வேண்டியவரைக் களத்தில் ஆடச்செய்து தேர்ந்தெடுக்கின்றன. தேர்வு பெற்றோர்க்குக் கட்டணச் சலுகை, விடுதி, உணவு ஆகியவற்றுள் சிலவோ அனைத்துமோ கிடைக்கலாம். இவ்வகையில் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநரும் பயிற்றுநரும் கூறும் சொல்லுக்கு மதிப்பு மிகுதி. அவர்களுக்கு எழுதும் மடலே இப்பாடத்தின் பொருள்.

பயிற்றுநர் எவ்வாறு சிந்திக்கிறார் என்பதையும் அறிதல் நன்று. கபடி அணியில் களமிறங்குவோர் எழுவர். மாற்று ஆட்டக்காரர் ஐவர். கைப்பந்து அணியில் களத்தில் நிற்போர் அறுவர். மூன்றாமாண்டு முடித்து ஆண்டுதோறும் சிலர் வெளியேறுகின்றனர். பயிற்றுநர் பெரும்பாலும் தேடுவது அவ்வெற்றிடத்தை நிரப்பும் ஒருவரையே. பந்தை எடுத்துக்கொடுக்கும் செட்டர் ஒருவர் வெளியேறும் ஆண்டில், சிறந்த அடிப்பாளர் மூவரைவிட நடுத்தரமான செட்டர் ஒருவரே அவருக்கு வேண்டியவர். ஆகவே, "நன்றாக ஆடுவேன்" என்று எழுதுவதால் பயனில்லை. எந்த இடத்தில் ஆடுகிறோம் என்பதை எழுத வேண்டும். மறுப்பு வந்தால், அது திறமையின்மைக்கு வழங்கப்பட்ட தீர்ப்பு என்று கருதவும் வேண்டியதில்லை. அங்கு வெற்றிடம் இல்லாதிருக்கலாம்.

அளவே சான்று

ஓரியின் அம்பு எத்தனை விலங்குகளைத் துளைத்தது என்று எண்ணிச் சொன்னதனால்தான் அப்பாடல் நம் மனத்தில் நிற்கிறது. விளையாட்டு மடலுக்கும் அதுவே நெறி. உயர்வுச் சொற்களைக் காட்டிலும் அளவுகள் உரக்கப் பேசும். அவ்வளவுகளும் முழுமையாக இருத்தல் வேண்டும்.

ஓட்டக்காரர் நேரத்தைக் குறிப்பிடும்போது, அது மின்னணுக் கருவியால் அளக்கப்பட்டதா, கைக்கடிகாரத்தால் அளக்கப்பட்டதா என்று கூற வேண்டும். 100 மீட்டர் ஓட்டத்தில் கையால் அளந்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிடும்போது 0.24 நொடி கூட்டிக்கொள்வது வழக்கம். குண்டு எறிபவர் தொலைவை மட்டும் எழுதினால் போதாது. குண்டின் எடையையும் எழுத வேண்டும். 18 வயதுக்கு உட்பட்ட பெண்கள் எறிவது 3 கிலோ. மகளிர் பிரிவில் எறிவது 4 கிலோ. 18 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கு 5 கிலோ, 20 வயதுக்கு உட்பட்டோர்க்கு 6 கிலோ, ஆடவர்க்கு 7.26 கிலோ. எடை கூறப்படாத தொலைவு பயிற்றுநருக்குப் பொருளற்ற எண்ணாகிவிடும். நீளம் தாண்டுவோர்க்குப் பின்னிருந்து வீசும் காற்று துணைசெய்யும். அதன் வேகம் நொடிக்கு 2 மீட்டரைக் கடந்தால் அத்தாண்டல் சாதனையாக ஏற்கப்படாது. வில்லாளர் எத்தனை அம்புகளுக்கு எத்தனைப் புள்ளிகள், எவ்வளவு தொலைவிலிருந்து என மூன்றையும் கூற வேண்டும். குழு விளையாட்டில் ஆடும் இடம், உயரம், எடை, வலக்கையா இடக்கையா என்பன தேவை.

வளர்ச்சியைக் காட்டும் அளவு மற்றொன்று உண்டு. இவ்வாண்டின் நேரத்தோடு சென்ற ஆண்டின் நேரத்தையும் சேர்த்து எழுதினால், ஓராண்டில் எவ்வளவு முன்னேறியிருக்கிறோம் என்பது புலனாகும். செயற்கை இழை ஓடுதளத்தில் பயின்ற ஒருவரும் மண்தரையில் பயின்ற ஒருவரும் ஒரே நேரத்தில் ஓடினால், பின்னவரிடம் இன்னும் வெளிப்படாத ஆற்றல் இருக்கக்கூடும் என்பதை நல்ல பயிற்றுநர் அறிவார். ஆகவே வசதியின்மையைக் குறையாக மறைக்க வேண்டாம். புலம்பலாக நீட்டவும் வேண்டாம். ஒரு வரியில் செய்தியாகக் கூறினால் போதும்.

மாதிரி மடல்

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதுவதாகக் கற்பனை செய்துகொண்டு அமைக்கப்பட்ட மடல் இது.

அனுப்புநர்
(பெயர்), பன்னிரண்டாம் வகுப்பு,
(பள்ளியின் பெயர்), கொல்லிமலை,
நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்
உடற்கல்வி இயக்குநர் அவர்கள்,
(கல்லூரியின் பெயர்), சேலம்.

பொருள்: மகளிர் தடகள அணித் தேர்வில் பங்கேற்க வாய்ப்பு வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். நான் 19 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் 1500 மீட்டர், 3000 மீட்டர் ஓட்டங்களில் பங்கேற்று வருகிறேன். இவ்வாண்டு மாவட்டப் போட்டியில் 3000 மீட்டரில் முதலிடமும், மாநிலப் போட்டியில் ஆறாமிடமும் பெற்றேன். மாநிலப் போட்டியில் என் நேரம் 10 நிமிடம் 52 நொடி (மின்னணு அளவீடு). சென்ற ஆண்டு இதே தொலைவை 11 நிமிடம் 30 நொடியில் (கைக்கடிகார அளவீடு) ஓடினேன். எங்கள் பள்ளியில் மண்தரையில் பயிற்சி பெறுகிறேன்.

தங்கள் கல்லூரியில் இளம் அறிவியல் தாவரவியல் பயில விரும்புகிறேன். பதினோராம் வகுப்பில் 600க்கு 431 மதிப்பெண் பெற்றுள்ளேன். தங்கள் மகளிர் அணி கல்லூரிகளுக்கு இடையேயான நெடுந்தொலைவு ஓட்டத்தில் பங்கேற்ற செய்தியை நாளிதழில் படித்தேன். அவ்வணியில் இடம்பெறத் தகுதியுடையேனா என்பதைத் தேர்வு முகாமில் தாங்கள் கண்டறிய வேண்டுகிறேன். முகாம் நடைபெறும் நாளையும், தேர்வு பெறுவோர்க்கு விடுதி வசதி உண்டா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

போட்டிச் சான்றிதழ்களின் நகல்களை இணைத்துள்ளேன். என்னைப் பற்றி மேலும் அறிய எங்கள் உடற்கல்வி ஆசிரியரைத் தொடர்புகொள்ளலாம். அவரது ஒப்புதலுடன் அவருடைய எண்ணைக் கீழே தந்துள்ளேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

மடலை ஆராய்தல்

இம்மடலில் புகழுரை இல்லை. இரக்கத்தைத் தூண்டும் சொற்களும் இல்லை. முதல் பத்தி, பயிற்றுநர் அறிய விரும்புவதைக் கூறிவிடுகிறது. ஆறாமிடம் என்பதை மாணவி மறைக்கவில்லை. மாநிலத்தில் ஆறாமிடம் என்பது, ஒரு கல்லூரி அணியைப் பொறுத்தவரை மிக உயர்ந்த இடம். அதனை 'முன்னணி இடம்' என்று மழுப்பியிருந்தால் ஐயமே எழுந்திருக்கும். சென்ற ஆண்டின் நேரம் கையால் அளக்கப்பட்டது என்பதையும் அவர் கூறிவிடுகிறார். தன் அளவின் குறைபாட்டைத் தானே எடுத்துக்காட்டுபவரின் பிற அளவுகளும் நம்பப்படும்.

இரண்டாம் பத்தி, விளையாட்டுக்காக மட்டும் அவர் கல்லூரிக்கு வரவில்லை என்பதை உணர்த்துகிறது. மதிப்பெண்ணைக் குறிப்பிடுவது பயிற்றுநருக்கும் தேவை. விரும்பும் பாடப்பிரிவில் சேரத் தகுதியுண்டா என்பதை அவர் அறிந்துகொள்ள வேண்டும். அக்கல்லூரி அணியைப் பற்றி ஒரு செய்தியை அறிந்து எழுதியிருப்பது, இம்மடல் ஐம்பது கல்லூரிகளுக்கு ஒரே நகலாக அனுப்பப்பட்டதன்று என்பதைக் காட்டுகிறது. இறுதியில், விடை கூறத்தக்க இரு வினாக்கள் உள்ளன. இடம் தருமாறு அவர் கேட்கவில்லை. தன்னைச் சோதித்துப் பார்க்குமாறு கேட்கிறார். பாணரைக் காட்டுக்குள் அழைக்கும் செயல் இதுவே.

மடலைத் தமிழில் எழுதலாம். பிழையற்ற எளிய தமிழ் எந்தக் கல்லூரிக்கும் தகும். மின்னஞ்சலில் அனுப்புவதாயின் 'பொருள்' வரியில் விளையாட்டு, பிரிவு, வகுப்பு ஆகியவற்றைக் குறிப்பிடுதல் வேண்டும். இரண்டு நிமிடங்களுக்கு மிகாத காணொளி ஒன்றையும் இணைக்கலாம். அதில் இசையும் அலங்காரமும் தேவையில்லை. முழு உடலும் தெரியுமாறு பக்கவாட்டிலிருந்து எடுக்கப்பட்ட ஓட்டமோ, தாண்டலோ, ஆட்டமோ போதும்.

தெரிந்து தெளிவோம்

சென்னை நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி 1920இல் ஹாரி குரோ பக் என்பவரால் தொடங்கப்பட்டது. அவர் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியோடும் தொடர்புடையவர். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992இல் உருவாக்கப்பட்டது. உடற்கல்விக்கெனத் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் இயங்கி வருகிறது. ஒலிம்பிக் வில்வித்தையில் இலக்கு 70 மீட்டர் தொலைவில் நிறுத்தப்படும். தரவரிசைச் சுற்றில் எய்யப்படும் 72 அம்புகளுக்கு உயர்ந்த அளவாக 720 புள்ளிகள் பெறலாம்.

காலமும் பொறுமையும்

மடல் எழுதும் வேலை பன்னிரண்டாம் வகுப்பின் இறுதியில் தொடங்குவதன்று. பதினோராம் வகுப்பிலேயே தொடங்குகிறது. ஒவ்வொரு போட்டி முடிந்ததும் நாள், இடம், பிரிவு, அளவு, பெற்ற இடம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். சான்றிதழ்களை ஈரம் படாமல் காத்து, நகல் எடுத்து, கைப்பேசியிலும் படமாகப் பதிந்து வைத்தல் நலம். மழைமிக்க மலையூர்களில் இது சிறிய அறிவுரையன்று.

பன்னிரண்டாம் வகுப்பில் மாநிலப் போட்டிகள் முடிந்தவுடன் முதல் மடலை அனுப்பலாம். ஐந்தாறு கல்லூரிகளைத் தேர்ந்துகொள்வது தகும். அவற்றுள் ஒன்று, எட்டிப்பிடிக்க அரியதாக இருக்கலாம்; ஒன்றிரண்டு, அணியில் உறுதியாக இடம் கிடைக்கக்கூடியனவாக இருக்க வேண்டும். தேர்ந்துகொள்ளுமுன் ஒரு வினாவைத் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்: 'நாளையே காலில் அடிபட்டு விளையாட முடியாமற் போனாலும், இக்கல்லூரியில் இப்படிப்பைத் தொடர விரும்புவேனா?' ஆம் என்ற விடை வராத கல்லூரிக்கு எழுத வேண்டியதில்லை.

விடை வராதிருக்கலாம். பயிற்றுநருக்குப் போட்டிக்காலத்தில் ஓய்வு குறைவு. இரண்டு மூன்று வாரங்கள் கழித்து, புதிய செய்தி ஏதேனும் இருந்தால் அதனைச் சேர்த்துச் சுருக்கமாக நினைவூட்டலாம். நாள்தோறும் அழைப்பது மதிப்பைக் குறைக்கும். மறுப்பு வந்தாலும் நன்றி தெரிவித்து ஒருவரி எழுதுதல் பண்பு. இவ்வாண்டு இடமில்லை என்றவர் அடுத்த மாதமே வேறொரு கல்லூரிக்குப் பரிந்துரைக்கக் கூடும்.

பிறநாட்டு வழக்கம்

அமெரிக்க நாட்டில் பள்ளி மாணவர் கல்லூரிப் பயிற்றுநருக்கு எழுதுவது இயல்பான வழக்கம். அங்குக் கல்லூரி விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தும் என்.சி.ஏ.ஏ. என்னும் அமைப்பு 1906இல் தோன்றியது. பயிற்றுநர்கள் இளம் மாணவரை அளவுமீறி நெருக்காதிருக்க அவ்வமைப்பு விதிகள் வகுத்துள்ளது. உயர்நிலைப் போட்டிப் பிரிவின் பல விளையாட்டுகளில், மாணவர் பத்தாம் வகுப்பை முடித்த பின்வரும் ஜூன் 15ஆம் நாளுக்கு முன் பயிற்றுநர் அவரோடு அணித்தேர்வு குறித்துத் தொடர்புகொள்ளலாகாது. ஆனால் மாணவர் எப்போது வேண்டுமாயினும் எழுதலாம். முதல் சொல் மாணவருடையதாக இருக்கலாம் என்பதை அவ்விதியே ஏற்றுக்கொள்கிறது.

இந்தியாவிலிருந்தும் சிலர் அவ்வழியே சென்றுள்ளனர். தில்லியைச் சேர்ந்த உயரம் தாண்டும் வீரர் தேஜஸ்வின் சங்கர் 2017இல் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு உதவித்தொகையுடன் சேர்ந்தார். 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் அந்நாட்டுக் கல்லூரிகளுக்கு இடையேயான போட்டியில் முதலிடம் பெற்றார். 2022 காமன்வெல்த் விளையாட்டில் வெண்கலமும் வென்றார். எனினும் அங்குள்ள எல்லாக் கல்லூரிகளும் விளையாட்டுக்கென உதவித்தொகை வழங்குவதில்லை. ஆர்வர்டு, யேல் போன்றவை உள்ளிட்ட ஐவி கூட்டமைப்புப் பல்கலைக்கழகங்கள் அதனை வழங்குவதில்லை. நாடு எதுவாயினும், வாக்குறுதியை எழுத்தில் கேட்டுப் பெற்று, படித்துப் புரிந்துகொண்ட பின்னரே ஒப்புக்கொள்ள வேண்டும்.

விழிப்புணர்வு

திறமையைத் தேடும் நல்லோர் உள்ள இடத்தில், ஆசையைப் பயன்படுத்திக்கொள்வோரும் இருப்பர். "பணம் கொடுத்தால் இடம் வாங்கித் தருகிறேன்" என்னும் இடைத்தரகரை விலக்குக. வயதைக் குறைத்துக் காட்டச் சொல்பவரையும், பெறாத சான்றிதழைப் பெற்றுத் தருவதாகக் கூறுபவரையும் நம்பற்க. போலிச் சான்றிதழ், சேர்ந்த இடத்தை இழக்கச் செய்வதோடு வழக்கிலும் சிக்கவைக்கும்.

மடல் கல்லூரியின் அலுவல்முறை முகவரிக்கே செல்ல வேண்டும். பெற்றோரும் உடற்கல்வி ஆசிரியரும் அறியாமல் எவரோடும் தொடர்பு வைத்துக்கொள்ளலாகாது. தேர்வு முகாமிற்குப் பொறுப்புள்ள பெரியவர் ஒருவருடன் செல்லுதல் வேண்டும். தேர்வு என்ற பெயரில் தனியே வரச் சொன்னாலும், தேவையற்ற படங்களைக் கேட்டாலும், தொடுதலோ சொல்லோ வரம்பு மீறினாலும் உடனே வெளியேறி நம்பிக்கைக்குரியவரிடம் கூறுக. குழந்தைகளுக்கான 1098 என்னும் உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். அணியில் ஓர் இடத்திற்காக எவரும் தம் மதிப்பை இழக்க வேண்டியதில்லை.

நிறைவாக

தன்னைப் பற்றித் தானே எழுதுவது தற்பெருமை என்று நம்மில் பலர் தயங்குகிறோம். மலைப்பகுதி மாணவரிடமும், தம் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்பவரிடமும் இத்தயக்கம் மிகுதி. செய்யாததைச் செய்ததாகக் கூறுவதே தற்பெருமை. செய்ததை அளவோடு கூறுவது உண்மை. அதனைக் கூறாது விடுவது, பயிற்சி தந்த ஆசிரியருக்கும் காலணி வாங்கக் கூலியைச் சேர்த்து வைத்த பெற்றோர்க்கும் இழைக்கும் குறை.

கொல்லிமலையிலிருந்து அனுப்பப்படும் மடல் எழுபது வளைவுகளையும் கடந்து கீழே செல்கிறது. எல்லா மடல்களுக்கும் விடை வருவதில்லை. எனினும் எழுதுமுன் தன் குறிப்பேட்டைத் திறந்து, ஓடிய ஒவ்வோர் ஓட்டத்தையும் எண்ணிப் பார்த்து, எங்கு நிற்கிறோம், இன்னும் எவ்வளவு தொலைவு செல்ல வேண்டும் என்பதை மாணவர் தாமே கண்டுகொள்கிறார். அவருடைய திறமைக்கு முதல் சான்று அங்கேயே கிடைத்துவிடுகிறது. அடுத்த சான்றைத் தேடி மடல் புறப்படட்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் உரையாடி, அண்மையில் நடந்த மாவட்டப் போட்டி முடிவுகளை அளவுகளுடன் அட்டவணைப்படுத்துக.
2. நீங்கள் விரும்பும் விளையாட்டையோ கலையையோ தேர்ந்துகொண்டு, ஒரு கல்லூரிக்கு ஒருபக்க மடல் எழுதுக. நண்பருடன் மாற்றிக்கொண்டு, அதில் அளவு இல்லாத உயர்வுச் சொற்களை அடிக்கோடிடுக.
3. 'திறமை இருந்தால் போதும், வாய்ப்பு தானே வரும்' என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

குறுவினா
1. வல்வில் ஓரியின் ஆற்றல் பாடலாவதற்குக் காரணமாக இப்பாடம் கூறுவது யாது?
2. குண்டு எறியும் வீரர் தொலைவுடன் எடையையும் குறிப்பிட வேண்டியது ஏன்?

சிறுவினா
1. கல்லூரியில் விளையாட்டு வீரர் சேரும் இருவகை வழிகளை வேறுபடுத்துக.
2. மாதிரி மடலில் மாணவியின் நேர்மை வெளிப்படும் இடங்களைச் சுட்டுக.

நெடுவினா
'செய்ததை அளவோடு கூறுவது தற்பெருமை ஆகாது' என்னும் கருத்தைப் பாடப்பகுதிச் செய்திகளைக் கொண்டு நிறுவுக.